வாயால திருப்பி அனுப்பாதீங்க, எழுதிக் கொடுங்க: பதிவுத்துறைக்கு ஒரு திறந்த மடல்

பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கும், மாவட்டப் பதிவாளர்கள், சார்பதிவாளர்கள் எல்லாருக்கும்,

போன வியாழக்கிழமை ஒரு பழைய பத்திரத்துக்கு சான்றிட்ட நகல் வாங்குறதுக்காக எங்க ஊர் பத்திர ஆபீசுக்கு போயிருந்தேன். எனக்கு முன்னாடி ஒரு வயசான அம்மா, எழுபதுக்கு மேல இருக்கும், மஞ்சப்பையை நெஞ்சோட சேத்து பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. உள்ள இருந்து "இது சரியில்லம்மா, போய் சரி பண்ணிட்டு வாங்க"னு ஒரு குரல். என்ன சரியில்லைங்கனு அந்த அம்மா கேட்டாங்க. "எழுதுனவருகிட்ட கேளுங்க, அவருக்கு தெரியும்"னு சொல்லிட்டு அடுத்த டோக்கனை கூப்பிட்டுட்டாங்க, அவ்வளவுதான். அந்த அம்மா வெளிய வந்து படியில உட்கார்ந்து பையில இருந்த பேப்பரை ஒண்ணொண்ணா எடுத்து வெச்சாங்க, படிக்கத் தெரியாதுபோல, என்கிட்ட நீட்டி "இதுல எதும்மா தப்பு?"னு கேட்டாங்க. நானும் முழுசா பாத்தேன், எனக்கும் தெரியலை.

இதே படியில எங்க அப்பா மூணு நாள் உட்கார்ந்திருக்காரு. அன்னைக்கு நான் எதுவும் எழுதலை, வேலை முடிஞ்சா போதும்னு இருந்துட்டேன். அந்த அம்மாவை பாத்ததுக்கு அப்புறம் சும்மா இருக்க முடியலை.

எங்க கதை இதுதான். அப்பாவுக்கு 79 வயசு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கிச்சு, வாக்கர் வெச்சு வீட்டுக்குள்ள நடப்பாரு. அவரு சொந்தமா சம்பாதிச்சு வாங்குன வீட்டையும் அதோட சேர்ந்த கொஞ்சம் இடத்தையும் உயிரோட இருக்கும்போதே என் பேருக்கு தான செட்டில்மெண்ட் (காசு வாங்காம குடும்பத்துக்குள்ள எழுதிக் கொடுக்கிற பத்திரம்) எழுதி வெச்சிடணும்னு ஆசைப்பட்டாரு. நான் ஒரு தனியார் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், ஃபார்ம் நிரப்புறது எனக்கு புதுசு இல்லை. உங்க வெப்சைட்லயே பொதுமக்கள் தாங்களே ஆவணம் தயாரிச்சுக்கலாம்னு மாதிரி வரைவு எல்லாம் கொடுத்திருக்கீங்க, அதை நம்பி நானே உட்கார்ந்து ரெண்டு ராத்திரி டைப் பண்ணேன். வழிகாட்டி மதிப்பு, அதாவது சொத்துக்கு அரசு வெச்சிருக்கிற மதிப்பு பாத்தேன், 14 லட்சத்து சொச்சம் வந்துச்சு. குடும்பத்துக்குள்ள செட்டில்மெண்ட்னா முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. (2023 ஜூலைக்கு முன்னாடி இது 25,000, 4,000னு இருந்துச்சு, அந்த வருஷம்தான் ஏத்துனீங்க.) எல்லாம் சேத்து 24,000க்கு மேல ஒரு ரூபாய் பாக்கி இல்லாம ஆன்லைன்ல கட்டி, டோக்கனும் போட்டாச்சு. இதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், உண்மையிலேயே நல்லா இருந்துச்சு. 2018ல உங்க ஆன்லைன் முறை ஸ்டார் 2.0 வந்ததுக்கு அப்புறம் வில்லங்கத்தை வீட்டுல இருந்தே பாக்குறோம், மதிப்பு பாக்குறோம், பணம் கட்டுறோம், அதெல்லாம் எங்க அப்பா காலத்துல நினைச்சே பாத்திருக்க முடியாது.

கஷ்டம் கவுண்டர்லதான் ஆரம்பிச்சுது.

போறதுக்கு முன்னாடியே ஆபீசுக்கு போன் பண்ணி, அப்பாவால நடக்க முடியாது, வீட்டுக்கு வந்து பதிவு பண்ண வழி இருக்கானு கேட்டேன். "அதெல்லாம் இப்ப கிடையாதும்மா, கார் வெச்சு கூட்டிட்டு வாங்க"னு சொல்லி வெச்சுட்டாங்க. சரின்னு கார் வெச்சு கூட்டிட்டு போனோம், கூட ரெண்டு சாட்சி, ஒருத்தர் சித்தப்பா பையன், இன்னொருத்தர் பக்கத்து வீட்டு டைலர் அண்ணன், கடையை பூட்டிட்டு வந்தாரு. டோக்கன் நேரம் 10.40. அன்னைக்கு சர்வர் இல்லை. எப்ப வரும்னு யாருக்கும் தெரியலை, போர்டுல ஒரு வரி எழுதிப்போடக்கூட ஆள் இல்லை, மூணரை மணிக்கு வந்து "இன்னைக்கு ஆகாது, கிளம்புங்க"னாங்க. அஞ்சு மணி நேரம் ஒரு பக்கவாத நோயாளியை படியில உட்கார வெச்சிருந்தோம், பாத்ரூம் போகணும்னா தாங்கிப் பிடிச்சு ஆபீசுக்கு பின்னாடி கூட்டிட்டு போகணும், அதை நினைச்சு அவரு காலையில இருந்து தண்ணியே குடிக்கலை. மெஷின் பழுதானா யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுதான், அதை நான் குத்தமா சொல்லலை.

ரெண்டாவது தடவை போனப்ப சர்வர் இருந்துச்சு, எங்க டோக்கனையும் கூப்பிட்டாங்க. அங்க இருந்தவரு முதல்ல கேட்ட கேள்வி "யாரு எழுதுனது இது?" நான்தாங்க சார்னேன். ஒரு தடவை என்னை நிமிந்து பாத்துட்டு பக்கத்தை திருப்புனாரு. "தாய்ப்பத்திரத்துல இனிஷியல் சு.னு இருக்கு, ஆதார்ல எஸ்.னு இருக்கு, ஒரே ஆள்னு எப்படி நம்புறது, சரி பண்ணிட்டு வாங்க." தாத்தா பேரு சுப்பையா, தமிழ்ல எழுதுனா சு., இங்கிலீஷ்ல எழுதுனா எஸ்., இது தெரியாதவங்க இந்த ஊர்ல யாரும் இல்லை. எப்படி சரி பண்றதுனு கேட்டதுக்கு பதில் வரலை. வெளிய வந்தா ஒருத்தர் தானா வந்து பேச்சு கொடுத்தாரு, "நீங்களே எழுதிட்டு வந்தா இப்படித்தாங்க இழுக்கும், மொத்தமா நான் பாத்துக்குறேன், ஆபீஸ் செலவோட சேத்து ஒரு தொகை சொல்றேன்"னாரு. அப்பா கையை ஆட்டி வேண்டாம்னு சொல்லிட்டாரு. நான் நோட்டரிகிட்ட போய் ரெண்டு இனிஷியலும் ஒரே ஆளுக்குத்தான்னு உறுதிமொழி பத்திரம் வாங்கி வெச்சுக்கிட்டேன்.

மூணாவது தடவை அந்த உறுதிமொழியை யாரும் கையில கூட வாங்கிப் பாக்கலை. இனிஷியல்ங்கிற பேச்சே வரலை. இந்த தடவை "பட்டா கூட்டுல இருக்கு, மத்தவங்க எல்லாரும் வந்து சம்மதம் சொல்லணும்". எங்க சர்வே நம்பர் உட்பிரிவு ஆகாம கிடக்கு, அதனால பட்டாவுல நாலு வீட்டுக்காரங்க பேரும் சேர்ந்து இருக்கு, ஆனா அப்பாவோட கிரயப் பத்திரம் 1986ல அவரு பேருக்கு மட்டும் நாலு எல்லையோட தெளிவா உங்க ஆபீஸ்லயே பதிவானது. இது எந்த ரூல்ல இருக்குங்க சார்னு கேட்டேன். "மேலிடத்து உத்தரவு"னாங்க. உத்தரவு நம்பர் என்னனு கேட்டேன், பதில் இல்லை. பட்டா காரணம் சட்டப்படி சரியாவே இருந்துட்டு போகட்டும், அதை நான் இப்ப வாதாட வரலை. அப்படி இருந்தா ரெண்டாவது தடவையே ஏன் சொல்லலை? இனிஷியல் பெரிய தப்புன்னா மூணாவது தடவை அது எங்க போச்சு? டைலர் அண்ணன் மூணாவது நாளும் கடையை பூட்டிட்டு வந்திருந்தாரு, தீபாவளி தையல் நேரம், அவரு மூஞ்சியை பாக்கவே எனக்கு சங்கடமா இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி 1908ம் வருஷத்து பதிவுச் சட்டத்தை எடுத்து வெச்சு படிச்சேன். வக்கீல் இல்லை நான், மெதுவாத்தான் புரிஞ்சுது. செக்ஷன் 34 சார்பதிவாளரை கேட்கச் சொல்றது முக்கியமா ரெண்டே விஷயம், இந்த பத்திரத்தை எழுதிக் கொடுத்தது நீங்கதானா, வந்திருக்கிறது அந்த ஆள்தானா. செக்ஷன் 38, உடம்பு முடியாம ஆபீசுக்கு வந்தா ஆபத்தோ பெரிய சிரமமோ ஆகும்னு இருக்கிறவங்களை நேர்ல வரச்சொல்லி கட்டாயப்படுத்தக் கூடாது, அதிகாரி அவங்க இருக்கிற இடத்துக்கு போய் விசாரிக்கணும், இல்லைனா கமிஷன் (விசாரிக்கிறதுக்கு நியமிக்கிற ஆள்) அனுப்பணும்னு சொல்லுது. போன்ல "கிடையாது"னு சொன்னாங்களே, அது நூறு வருஷத்துக்கு மேல சட்டத்துல இருக்கு. செக்ஷன் 52, பத்திரத்தை தாக்கல் பண்ணா நாள், நேரம் குறிச்சு ரசீது கொடுக்கணும்.

அப்புறம் செக்ஷன் 71. இந்த மடலே அதுக்காகத்தான். ஒரு சார்பதிவாளர் பதிவு பண்ண மறுத்தா (வேற எல்லைக்குட்பட்ட சொத்துங்கிற காரணத்தை தவிர) மறுப்பு உத்தரவு போடணும், காரணத்தை ரெண்டாம் புத்தகத்துல (மறுப்புக் காரணங்களுக்கான பதிவேடு) எழுதணும், பத்திரத்து மேலயே பதிவு மறுக்கப்பட்டதுனு எழுதணும், நாம கேட்டா அந்த காரணத்தோட நகலை காசு வாங்காம, தாமதம் பண்ணாம கொடுக்கணும். அந்த உத்தரவு கையில இருந்தாத்தான் செக்ஷன் 72ன்படி 30 நாளைக்குள்ள மாவட்டப் பதிவாளர்கிட்ட அப்பீல் போக முடியும், அங்கயும் முடியலைனா செக்ஷன் 77ன்படி சிவில் கோர்ட்டுக்கு போக முடியும். சட்டம் போட்டவங்க இப்படி வரிசையா கதவு வெச்சிருக்காங்க. "சரி பண்ணிட்டு வாங்க"னு வாயால சொல்ற ஒரு வார்த்தை அத்தனை கதவையும் சேத்து சாத்திடுது. மறுத்ததா எங்கயும் பதிவு இல்லை, அப்ப எதை எதிர்த்து அப்பீல் போறது? மூணு நாள் நாங்க அங்க வந்து நின்னதுக்கு எங்க பக்கம் ஒரு துண்டு காகிதம் கூட கிடையாது.

நாலாவது தடவை போகும்போது அரைப் பக்கத்துல ஒரு மனு டைப் பண்ணி எடுத்துட்டு போனேன். கோபமா எல்லாம் எழுதலை. ஐயா, இந்த பத்திரத்தை பதிவு பண்ண இயலாதுன்னா செக்ஷன் 71ன்படி காரணத்தை எழுத்துல கொடுங்க, மேல்முறையீடு செய்யணும், அவ்வளவுதான். டோக்கன் கூப்பிட்டதும் பத்திரத்தோட சேத்து அதை நீட்டினேன். அவரு படிச்சாரு. எழுந்து உள்ள போனாரு. பத்து நிமிஷம் கழிச்சு வந்து "உட்காருங்கம்மா"னாரு. அதுக்கு அப்புறம் இனிஷியலும் வரலை, கூட்டுப் பட்டாவும் வரலை.

அப்பாவோட கைரேகைதான் கொஞ்சம் நேரம் எடுத்துச்சு. அம்பது வருஷம் கிணத்துப் பாசனத்துல வெள்ளாமை பாத்த கை, கட்டைவிரல்ல ரேகை இருந்த இடம் வழவழன்னு தேஞ்சு கிடக்கு, அந்த கண்ணாடி மேல வெச்சா மெஷின் எடுக்கவே இல்லை. வேட்டியில துடைச்சுட்டு வெச்சாரு, எடுக்கலை. மறுபடி துடைச்சாரு. ஏதோ தான் தப்பு பண்ண மாதிரி என்னை திரும்பிப் பாத்தாரு. அங்க இருந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பொண்ணு, சின்ன வயசு, எழுந்து வந்து அவரு கையை தன் கையில பிடிச்சு, ஈரத்துணியால விரலை துடைச்சு, "மெதுவா அழுத்துங்க தாத்தா, அவசரமே இல்லை"னு சொல்லி வெச்சுது, அஞ்சாவது தடவை விழுந்துச்சு. அந்த பொண்ணுக்கு இந்த மடல் மூலமா நன்றி சொல்லிக்கிறேன். மொத்தம் முப்பது நிமிஷத்துக்குள்ள பத்திர எண் விழுந்துடுச்சு. பத்திரத்துல ஒரு எழுத்து கூட மாத்தலை, முதல் நாள் கொண்டு போன அதே வரைவு.

கார்ல வரும்போது அப்பா ஒண்ணுதான் கேட்டாரு. "அப்ப இதை முன்னாடியே போட்டிருக்கலாம்லமா?" எனக்கு பதில் சொல்லத் தெரியலை. நீங்க சொல்லுங்க.

உங்க ஊழியர்களோட நிலைமை எனக்கு தெரியாம இல்லை. முகூர்த்த நாள் வந்தா ஒரு சார்பதிவாளர் இருக்கிற ஆபீசுக்கு 100க்கு பதிலா 150 டோக்கன், ரெண்டு பேர் இருந்தா 200க்கு பதிலா 300னு நீங்களே அறிவிக்கிறீங்க. காலையில 10 மணியில இருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும் சாப்பிடக்கூட எழுந்திரிக்காம உட்கார்ந்தாலும் 480 நிமிஷம். 100 பத்திரம்னா ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம் கூட இல்லை, 150ன்னா மூணு நிமிஷம் சொச்சம். ஒரு குடும்பத்தோட ஆயுசு சம்பாத்தியத்தை மூணு நிமிஷத்துல படிச்சு, ஆளை பாத்து, போட்டோ எடுத்து, ரேகை எடுத்து, கையெழுத்து போடச் சொன்னா எந்த மனுஷனாலயும் முடியாது, சந்தேகமா இருக்கிறதை எல்லாம் "அப்புறம் வாங்க"னு தள்ளிவிடத்தான் தோணும். அது எனக்கு புரியுது. அப்ப ஆளை கூட்டுங்க. 2025 ஏப்ரல் 30ம் தேதி ஒரே நாள்ல 272 கோடி ரூபாய் வருவாய் வந்துச்சுன்னு பெருமையா அறிவிச்சீங்க, அந்த பணம் எங்க முத்திரைத் தீர்வை, எங்க பதிவுக் கட்டணம். கிரயம்னா மதிப்புல 9 சதவீதம் வாங்குறீங்க. அதுல ஒரு துளியை எடுத்து ஒவ்வொரு ஆபீசுக்கும் கூடுதலா ஆள் போட்டா யாரும் வேண்டாம்னு சொல்லப் போறதில்லை.

ஆனா வேலைப்பளு மட்டும்தான் காரணம்னு என்னால நம்ப முடியலை. பத்திர ஆபீஸ்ல லஞ்ச ஒழிப்புத்துறை சோதனை, கணக்குல வராத பணம் சிக்குச்சுனு செய்தி வந்துக்கிட்டே இருக்கு. அந்த பணம் எங்க இருந்து முளைக்குதுன்னா இந்த வாய்வார்த்தையில இருந்துதான்னு எனக்கு தோணுது. காரணத்தை எழுத வேண்டியதில்லைன்னா எந்த காரணத்தையும் சொல்லலாம், சொன்ன காரணத்தை நாளைக்கு மறக்கலாம், வெளிய ஒருத்தர் "நான் பாத்துக்குறேன்"னு சொன்னதும் அந்த காரணம் தானா காணாமப் போகலாம். எழுத்துல வந்துட்டா அதை மேல ஒருத்தர் படிப்பாரு, அப்ப இனிஷியல் சு.வா எஸ்.ஸானு எழுதி கையெழுத்து போட யாருக்கும் கை வராது. எங்க விஷயத்துல நடந்தது அதுதான். நேர்மையா வேலை பாக்குற சார்பதிவாளருக்கும் இதுதான் பாதுகாப்பு, நிஜமாவே தப்பான பத்திரம், ஆள்மாறாட்டம், தடை இருக்கிற இடம்னு மறுத்தாருன்னா நாளைக்கு அவரு மேல யாரும் விரல் நீட்ட முடியாது.

நான் நாலு வரி இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சதால தப்பிச்சேன். படியில உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு செக்ஷன் 71னு யாரு சொல்லிக் கொடுப்பா? சார்பதிவாளர் உட்கார்ற மேடையை எடுத்துட்டு, மக்களோட சமமா உட்கார்ந்து பேசணும்னு மாத்துனீங்க, அது நல்ல காரியம், மனசார வரவேத்தேன். இப்ப அதே தரையில நின்னுதான் அந்த அம்மா "என்ன சரியில்லைங்க"னு கேட்டாங்க, பதில் கிடைக்கலை.

அதனால நான் கேட்கிறது இதுதான்.

டோக்கன் போட்டு நேர்ல வந்த ஒருத்தரோட பத்திரம் அன்னைக்கு பதிவாகலைன்னா, ஏன் ஆகலைங்கிற காரணத்தை கம்ப்யூட்டர்ல தமிழ்ல டைப் பண்ணாம அந்த டோக்கனை முடிக்கவே முடியாதபடி உங்க சாஃப்ட்வேரை மாத்துங்க. சர்வர் இல்லைன்னாலும் சரி, அதுவும் காரணம்தான், வந்தப்புறம் ஏத்துங்க. அந்த காரணமும், சொன்ன அதிகாரியோட பேரும் பதவியும் அப்பவே எங்க போனுக்கு மெசேஜா வரணும், ஒரு பிரிண்டும் கையில கொடுக்கணும். சரி பண்ணக்கூடிய குறைன்னா என்ன செஞ்சா சரியாகும்னு அதுலயே இருக்கணும். மறுப்புதான்னா செக்ஷன் 71ன்படி முறையான உத்தரவு, கூடவே அப்பீல் எங்க போடணும், 30 நாள் எந்த தேதியோட முடியுதுங்கிறதும் சேத்து. கேட்டாத்தான் கொடுப்போம்னு இருக்காதீங்க, கேட்கத் தெரியாதவங்கதான் அதிகம்.

குறை சொல்றதா இருந்தா எல்லாத்தையும் ஒரே தடவையில சொல்லணும். முதல் தடவை எழுதிக் கொடுத்த குறையை நாங்க சரி பண்ணிட்டு வந்தா, அன்னைக்கே தெரிஞ்சிருக்க வேண்டிய வேற ஒரு குறையை ரெண்டாவது தடவை கிளப்பக்கூடாதுன்னு சுற்றறிக்கை போடுங்க. கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், பவர், ஒவ்வொண்ணுக்கும் என்னென்ன காகிதம் வேணும், அது எந்த ரூல்படினு பெரிய எழுத்துல சுவத்துல ஒட்டுங்க, அதுல இல்லாத காகிதத்தை யாராவது கேட்டா உத்தரவு நம்பரோட எழுதித்தான் கேட்கணும். "மேலிடத்து உத்தரவு"ங்கிற வார்த்தை நம்பர் இல்லாம எந்த கவுண்டர்லயும் வரக்கூடாது. தானே பத்திரம் தயாரிச்சுட்டு வர்றவங்களை "யாரு எழுதுனது"னு கேட்கிறதையும் நிறுத்தச் சொல்லுங்க.

நடக்க முடியாதவங்களுக்கு, படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கு வந்து பதிவு பண்ற வசதியை டோக்கன் போடுற பக்கத்துலயே ஒரு தேர்வா வைங்க, கட்டணம் எவ்வளவுனு போடுங்க, கட்டத் தயாரா இருக்கோம். ஆபீசுக்கே வர்ற 75 வயசுக்கு மேல்பட்டவங்களுக்கு காலையில முதல் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்க. சர்வர் போச்சுன்னா அரை மணி நேரத்துல முடிவு சொல்லி, அடுத்த நாள் முதல் டோக்கனை அவங்களுக்கு தானா மாத்திக் கொடுங்க. ஒரு மேற்கத்திய கழிப்பறை, கைப்பிடியோட, ஒவ்வொரு ஆபீஸ்லயும் வேணும். இதை கேட்கவே வேண்டியிருக்கக் கூடாது.

மாசாமாசம் ஒவ்வொரு ஆபீஸ்லயும் எத்தனை டோக்கன், எத்தனை பதிவு, எத்தனை திரும்பிப் போச்சு, எந்தெந்த காரணத்துக்குனு வெப்சைட்ல போடுங்க. வருவாயை நாள் கணக்குல சொல்ல முடியுதுன்னா இதையும் சொல்ல முடியும்.

கடைசியா ஒண்ணு. அந்த அம்மாவோட பத்திரத்தை நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், செக்ஷன் 71ன்படி காரணம் கேட்டு ஒரு மனு அவங்களுக்காக எழுதிக் கொடுத்திருக்கேன், கையெழுத்து போடுற இடத்துல அவங்க கைநாட்டு வெச்சாச்சு. வர்ற புதன்கிழமை 11.20க்கு அவங்களுக்கு டோக்கன். அந்த கவுண்டர்ல அன்னைக்கு அவங்களுக்கு ஒண்ணு பத்திர எண் கிடைக்கணும், இல்லைன்னா காரணம் எழுதுன ஒரு காகிதம் கிடைக்கணும். நான் கூடவே இருப்பேன்.